தண்ணீரை வெளுத்தவள்

துணியை வெளுப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். தண்ணீரை வெளுப்பார்களா? எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். அவள் பெயர் தனபாக்கியம். இன்றைக்கும் கால்வாய்ப் பேச்சு எழுந்தால், "அந்தப் பவுடர்காரி கெடுத்தது" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதை எழுதிவைக்கிறேன்.

ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா போகிற வழியில் பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். ஆற்றில் மணலுக்கு மேலே எப்போதாவதுதான் தண்ணீர் ஓடும். மணலுக்குக் கீழே எப்போதும் ஓடும். அந்த ஊற்றைக் கால்வாய் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கால்வாய் முதலில் தோல் கம்பெனியின் மதிலை ஒட்டி வரும். அடுத்து, பெண்கள் குடத்தில் தண்ணீர் மொள்ளும் படிக்கட்டு. அதற்குக் கீழே துணி வெளுக்கிற ஏகாலிகளின் துறை. துறையைத் தாண்டினால் வயல்கள். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. ஜன்னல் ஓரம் பீடி சுற்ற உட்கார்ந்தால் மதில், படிக்கட்டு, துறை மூன்றும் தெரியும்.

துறையில் ஏகாலி வீட்டார் நான்கைந்து குடும்பம் கல் போட்டிருந்தார்கள். தனபாக்கியத்தின் கல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் முதலாவது. அவள் கணவர் அரங்கநாதன் ஆம்பூர் கடைத்தெருவில் இஸ்திரி போடுவார். அவர் பேசி நான் கேட்டதில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து இவள் பேசினாள். மூட்டையைப் பிரித்தாலே அந்த வீட்டுச் சமாசாரம் அவளுக்குத் தெரிந்துவிடும். "பாரு பாப்பா, இந்த வூட்டுல மாமியாரும் மருமவளும் பேசிக்கறதில்ல. துணிய ரெண்டு மூட்டையா அனுப்பறாங்க" என்பாள். பேசுகிற வாயைவிட வெளுக்கிற கை பெரிது. ஆம்பூர் முஸ்லிம் வீடுகளின் வெள்ளை ஜிப்பாவும் போர்வையும் அவளிடம்தான் வரும். வெள்ளாவி வைத்து, துறையில் அலசி, மணலில் விரித்துவிட்டால் கண் கூசும். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர், ஓடுகிற தண்ணீர். அந்தத் துறை இருக்கிறவரைக்கும்தான் அவளுக்குத் தொழில். போனால் அவள் கையில் ஒன்றும் இல்லை. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிறகு அதைத்தான் பிடுங்கப் பார்த்தார்கள்.

முன்னெல்லாம் கம்பெனியில் தோலைப் பதம் போட்டு அப்படியே வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். சுண்ணாம்புத் தண்ணீரும் பட்டைத் தண்ணீரும் பின்பக்கப் பள்ளத்தில் தேங்கும். நாறும், ஆனால் கால்வாய்க்கு வராது. எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் கம்பெனியிலேயே தோலுக்குச் சாயம் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஷூவுக்கான தோல், வெளிநாட்டுக்குப் போவது என்று பெருமையாகச் சொன்னார்கள். கால்வாய்ப் பக்கம் புதிதாகக் கொட்டகை போட்டு, ஆள் உயரத்துக்கு மேல் சுற்றுகிற மர டிரம்களை நிறுத்தினார்கள். மதிலின் அடியில் ஒரு ஓட்டை வைத்தார்கள்.

அந்த ஓட்டை வழியாகக் கறுப்பு வந்தது, பழுப்பு வந்தது, மாட்டு ரத்தம் மாதிரி சிவப்பு வந்தது. ஜனங்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். டிரம் சுற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தண்ணீர் எடுத்துவைத்துவிடுவார்கள். யாராவது ஒருத்தி "செவப்பு வருது" என்று கத்தினால் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். ஆட்டை ஓட்டுகிறவர்கள் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார்கள். கெட்ட தண்ணீர்தான். ஆனால் அது சொல்லிவிட்டு வந்தது.

ஏகாலிகளால் அப்படி ஒதுங்க முடியவில்லை. ஊறுகிற துணியைப் பாதியில் எடுக்க முடியாது. ஆம்பூரில் சின்னதாகத் தோல் வியாபாரம் செய்துவந்த வாஹித் பாஷாவின் வீட்டு வெள்ளை மூட்டை முழுதும் ஒரு நாள் இளஞ்சிவப்பாகிப் போனது. அவர் மனைவி சுகரா பேகம் மறுபடியும் வெளுத்துத் தரச் சொல்ல மூட்டையைத் தூக்கிக்கொண்டு குதிரை வண்டியில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்.

"இன்னா தனம் இது? எங்க வூட்டுக்காரரு ஜும்மாவுக்குப் போறாரா, மாப்பிள்ள ஊர்வலத்துக்குப் போறாரா?"

"பீபிமா, இந்தக் கலரு அவருக்கு எடுப்பா இருக்கும்."

"நாக்கப் பாரு இவளுக்கு! வெள்ளையாக்கித் தர்றியா, இல்ல இந்த ஜிப்பாவ உன் வூட்டுக்காரனுக்குப் போட்டு அனுப்பட்டுமா?"

சுகரா பேகம் சிரித்துக்கொண்டுதான் போனார். மற்ற வீடுகள் சிரிக்கவில்லை. தனபாக்கியம் கறைபட்ட துணிகளை எல்லாம் வாரிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டின் மேல் வரிசையாக விரித்தாள். மேனேஜர் பக்தவச்சலம் வெளியே வந்தார். முதலாளி மெட்ராசில் இருந்தார், இங்கே எல்லாம் மேனேஜர்தான். அவர் போட்டிருந்த சட்டையும் தனபாக்கியம் வெளுத்ததுதான்.

"இன்னாம்மா, கேட்டுல துணி காயப்போடற?"

"காயப்போடல சார், காட்டறேன். கலரு உங்களுது. துணி ஊராருது. பேச்சு வாங்கறது மட்டும் நானு."

"கறையப் போக்க முடியாதா உன்னால?"

"பிளீச்சிங் பவுடர் போட்டா போவும். தெனம் போட்டா துணி தாங்குமா சார்?"

அவர் ஒரு துணியை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். "துணிக்கு எதுக்குப் போடற? தண்ணிக்கே போட்டுடு" என்றார்.

அவர் கேலி செய்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் கேலி செய்யவில்லை. கம்பெனித் தண்ணீரின் நிறத்தைப் பற்றி ஜில்லா அதிகாரிகள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சாயத்தை மருந்து போட்டு உடைத்துவிடலாம், அதற்கு ஆக்சிடேஷன் என்று பேர், பவுடரே போதும் என்று மெட்ராசில் யாரோ படித்தவர் மேனேஜருக்குச் சொல்லியிருக்கிறார். பவுடரைக் கையாளத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது. ஆள் தானாகவே கேட்டுக்கு வந்து நின்றாள்.

தனபாக்கியம் சம்மதித்தாள். கூலிக்கு ஆசைப்பட்டாள் என்று பின்னால் பேசினார்கள். கூலி யாருக்கு வேண்டாம்? ஆனால் அன்றைக்கு அவள் எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "என் தொறைக்கு வர்ற தண்ணிய நானே வெளுத்து அனுப்பறேன் பாப்பா. எனக்கில்லாத அக்கற வேற எவனுக்கு இருக்கும்?"

மதிலுக்கு உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். டிரம்மிலிருந்து சாயத் தண்ணீர் அதில் வந்து விழும். தனபாக்கியம் பவுடரைப் பானையில் கரைத்து, அதிலிருக்கிற சுண்ணாம்பை அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை ஊற்றி, மூங்கில் கழியால் கலக்குவாள். டிரம் ஓட்டுகிற ஆரோக்கியசாமி முதல் நாளே அவளை எச்சரித்தான்.

"அக்கா, மூக்கப் பொத்திக்க. தோல்ல கலரு புடிக்கறதுக்கு ஆசிட் விடறோம். பவுடர் பட்டா பொகையும்."

"வெள்ளாவில வேகாத மூக்காடா இது?"

"வெள்ளாவி உன்ன இரும வைக்காது அக்கா. இது வைக்கும்."

அவன் சொன்னபடிதான் ஆயிற்று. ஆனால் முதல் நாள் அவளுக்கு இருமல் பெரிதாகத் தெரியவில்லை. தொட்டித் தண்ணீர் கண்ணெதிரே மாறியது. மை மாதிரி இருந்தது காப்பி மாதிரி ஆகி, டீ மாதிரி ஆகி, கடைசியில் வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறத்துக்கு வந்து நின்றது. ஒரு கண்ணாடி டம்ளரில் அதைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள். "காலைல கறிக்கொழம்பு மாதிரி இருந்துது. இப்பப் பாரு, ஜீரகத் தண்ணி!" வீட்டுக்கு வீடு காட்டினாள். எல்லாரும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். அவளைத் தண்ணி வெளுத்த தனம் என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அப்போது அது பாராட்டு.

அவளுக்குள் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. அதை மேனேஜரிடமே கேட்டாள்.

"சார், துணிய பவுடர்ல போட்டா, அப்புறம் நல்ல தண்ணில ரெண்டு மூணு தபா அலசுவோம். இல்லன்னா பவுடர் துணியத் தின்னுடும். இந்தத் தண்ணிய எதுல சார் அலசறது?"

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். வந்து போகிறவர்களிடமெல்லாம், "எங்க ஏகாலியம்மா தண்ணிய அலசணுங்கறா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள்.

நிறம் போனதும் ஜனங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கிற வழக்கம் நின்றது. எந்த நேரமும் படியில் இறங்கினார்கள். "செவப்பு வருது" என்று கத்த ஒருத்திக்கும் வேலை இல்லை. ஆடுகள் குடித்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சின்ன மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கின. தவளைச் சத்தம் இல்லாமல் போயிற்று. ஆடுகளுக்கு வாயோரம் புண் வந்தது. மடைக்குப் பக்கத்து நெல் நுனி கருகியது. வடித்த சோற்றில் மருந்து வாடை அடித்தது. துறையில் நிற்கிறவர்களுக்குக் கண் எரிந்து, விரல் இடுக்குத் தோல் உரிந்தது.

துணி கிழிய ஆரம்பித்தது.

மறுபடியும் சுகரா பேகம்தான் வண்டியில் வந்து இறங்கினார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"பள்ளிவாசல்ல அத்தன பேரு நடுவுல சுஜூதுக்குக் குனிஞ்சாரு தனம். முதுகுல பர்ர்ருன்னு போய்ட்டுது. பின்வரிசையில நின்னவங்க தொழுவாங்களா, சிரிப்பாங்களா?"

தனபாக்கியம் ஜிப்பாவை வாங்கிப் பார்த்தாள். கட்டை விரலால் அழுத்தினாள். அப்பளம் மாதிரி விட்டுப் போனது. கழுத்துப் பட்டியில் அவள் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட ஏகாலிக் குறி மட்டும் கறுப்பாக அழியாமல் இருந்தது. யார் வெளுத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"ரோஸா இருந்தப்பவாவது துணின்னு ஒண்ணு இருந்துது" என்றார் சுகரா பேகம். குரலில் கோபத்தைவிட வருத்தம் ஜாஸ்தி.

தனபாக்கியம் மேனேஜரிடம் ஓடினாள். பவுடரைக் கம்மி பண்ணலாம் என்றாள். தொட்டித் தண்ணீரைப் பின்பக்கப் பள்ளத்தில் விட்டு வெயிலில் கிடக்கவிடலாம், கால்வாய்க்கு மட்டும் வேண்டாம் என்றாள். பள்ளம் இருந்த இடத்தில் குடோன் கட்டியாகிவிட்டது என்றார் மேனேஜர். ஆர்டர் ஏறியிருக்கிறது, கலரும் ஏறும், பவுடரையும் ஏற்று என்றார்.

"தண்ணில நெறம் இருக்குதா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா பேஜாரு உனக்கு?"

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். விட்டால் மறுநாளே மை மாதிரி தண்ணீர் துறைக்கு வரும். பவுடர் போட்டால் துணி சாகும், போடாவிட்டால் துணி கறையாகும். இரண்டு பக்கமும் அவள் துறைதான் போகிறது. அவள் இருமிக்கொண்டே கலக்கினாள். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மற்ற ஏகாலிகளின் மூட்டைகளும் குறைந்தன. அவர்களும் இவளைத்தான் முறைத்தார்கள்.

நெல் கருகியவர்கள் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கிருஷ்ணராஜ் நடுவில், மேனேஜர் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியில். ஏகாலி வீட்டார் ஓரமாக நின்றார்கள். உட்காரும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் எழுந்து ரொம்பச் சாந்தமாகப் பேசினார்.

"எங்க தண்ணி எங்க தொட்டியோட சரிங்க. கால்வாய்க்கு வர்றதில்ல. இந்த ரெண்டு மூணு வருஷத்துல கால்வாய்ல யாராச்சும் கலரு பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"அப்ப ஓடறது ஊத்துத் தண்ணிதானே? நெல்லு எரியுது, துணி கிழியுதுன்னா அது பவுடராலதான். பவுடர் போட்டு வெளுக்கறது ஊர்ல யாரு? நானா?"

எல்லாத் தலையும் ஓரத்தில் நின்றவர்கள் பக்கம் திரும்பியது.

"சார்!" என்றாள் தனபாக்கியம். "நான் உங்க தொட்டில பவுடர் கொட்டறது ஊருக்கே தெரியும். ஓட்ட வழியா அது கால்வாய்க்கு வர்றதும் தெரியும்."

"தொட்டில கொட்டற, யாரு இல்லன்னா? தொறையிலயும் கொட்டற, அதத்தான் சொல்றேன். சரி, இருக்கட்டும். கால்வாய்ல எங்க தண்ணி எது, ஊத்துத் தண்ணி எது? பிரிச்சிக் காட்டு, பாக்கலாம்."

பாயில் யாரோ சிரித்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஓட்டை தெரியும். கறுப்பும் சிவப்பும் அதன் வழியாக வந்த வருடங்களில் அதன் எதிரில் நின்று திட்டியவர்கள்தான். ஆனால் பாதி வீட்டில் ஒரு மகனோ மருமகனோ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாததை மறப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. சாயம் சாயமாக வந்தவரைக்கும் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். வெளுத்த பிறகு அது அனாதைத் தண்ணீர், யார் தலையிலும் கட்டலாம். நிறத்தை எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த மேனேஜருக்கு முதல் நாளே தெரிந்திருக்குமோ என்று நான் யோசித்திருக்கிறேன்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஜில்லாவிலிருந்து அதிகாரிகள் கால்வாயைப் பார்க்க வருகிறார்கள். அவர்களும் கம்பெனி மேல் தப்பில்லை என்றுவிட்டால் துறையை மூடிவிட வேண்டும், ஏகாலிகள் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அதிகாரிகள் வருகிற நாள் காலையில் தனபாக்கியம் எப்போதும் போல வேலைக்குப் போனாள். ஆனால் இடுப்பில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. துறைக் குடும்பங்கள் எல்லாரிடமும் இருந்த நீலப் பொடியைக் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தாள். வெளுத்த வேட்டி பளிச்சென்று இருக்கக் கடைசி அலசலில் ஒரு சிட்டிகை போடுவார்களே, அந்த நீலம். சாயத்தை எல்லாம் தின்கிற பவுடர் அதை ஒன்றும் செய்யாது என்பது துணி வெளுக்கிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும். உள்ளே நடந்ததை ஆரோக்கியசாமி பிறகு சொன்னான். வழக்கத்தைவிட நன்றாகவே வெளுத்திருக்கிறாள். தொட்டி தெளிந்த பிறகு மூட்டையை அவிழ்த்து அப்படியே கவிழ்த்திருக்கிறாள்.

"அக்கா, அக்கா! இன்னா பண்ற?"

"வெளுத்தாச்சில்ல? நீலம் போட வேணாமா?" என்றாளாம். சொல்லிவிட்டு மதகைத் திறந்துவிட்டாள்.

நான் ஜன்னலில் இருந்தேன். மதிலடிப் புதரின் கீழே நீலம் தலை நீட்டியது. பேனா மையை விட அடர்த்தி. கால்வாயின் பாதி அகலத்துக்கு ஊற்றுத் தண்ணீரோடு கலக்காமல் கொஞ்ச தூரம் தனியாக ஓடியது. படிக்கட்டில் நின்ற பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அது அவர்கள் குடத்தின் வாய்க்கே வந்ததும் கத்திக்கொண்டு மேலே ஏறினார்கள். ஒருத்தி தன் குடத்துத் தண்ணீரையே எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாள். நீலம் துறைக் கற்களைச் சுற்றிக்கொண்டு போனது. மடையில் திரும்பி, கருகிய நெல்லுக்குள்ளேயே போய் நின்றது. வேறு எந்த வயலுக்கும் அது போகவில்லை.

ஜனங்கள் கரையோடு ஓடினார்கள். கீழே ஓடியவர்கள் அது எங்கே போகிறது என்று பார்த்தார்கள். மேலே ஓடியவர்கள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். தலைவரும் ஓடினார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கிய அதிகாரிகளும் வேட்டியைத் தூக்கிக் கட்டியவர்களின் பின்னால் நடந்து வந்து ஓட்டைக்கு எதிரில் நின்றார்கள். அப்போதும் அதிலிருந்து நீலம் வந்துகொண்டிருந்தது. பெரிய அதிகாரி குனிந்து பார்த்தார். பக்கத்தில் மேனேஜர் வெளுத்துப்போய் நின்றார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த அதிகாரி கேட்பார் என எல்லாரும் காத்திருந்தோம்.

"கலரு யாரு ஊத்தினது?" என்று கேட்டார்.

மேனேஜருக்கு உயிர் வந்தது. "இதோ, இவதான் சார்."

தனபாக்கியம் முன்னால் வந்தாள். "நான்தான் சார் ஊத்தினேன். இன்னிக்கு மட்டும்தான் நீலம். தெனமும் இதே தண்ணிதான், இதே வழியாத்தான் போவுது. பவுடர் போட்டதால கண்ணுக்குத் தெரியல. அத நாங்க குடிக்கறோம்."

அதிகாரி அவளைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் நின்றார்கள். அவர் கெட்டவராகப் பேசவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

"இதோ பாரும்மா, எங்களுக்கும் தெரியும். நெறம் போனா வெஷம் போய்டுச்சின்னு அர்த்தமில்ல. உடைஞ்ச சாயமும் உள்ளதான் இருக்கு, உப்பு இருக்கு, நீ போடற பவுடரும் இருக்கு. ஆனா நெறத்தப் பத்திதான் புகார் வந்துது. கம்பெனிக்காரன் நெறத்த எடுத்துட்டான். இதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?"

"நெல்லு எரியுது சார்."

"எனக்கு வந்த புகார்ல நெல்லு இல்லம்மா."

மத்தியானம் போலீஸ் வந்தது. பொதுக் கால்வாயில் சாயம் கலந்ததாக மேனேஜர் புகார் கொடுத்திருந்தார். இத்தனை வருடம் கறுப்பும் பழுப்பும் சிவப்பும் விட்டவர் மேல் ஒரு வழக்கு இல்லை. துணிக்குப் போடுகிற, கையில் ஒட்டினால் சோப்பில் போய்விடுகிற நீலத்தை ஒரு நாள் விட்டவளை ஸ்டேஷனில் தரையில் உட்காரவைத்தார்கள். சட்டம் படித்தவர்கள் யாராவது இதற்கு விளக்கம் சொல்லுங்கள். எனக்குப் புரியவில்லை.

சுகரா பேகம் புர்கா போட்டுக்கொண்டு வாஹித் பாஷாவோடு ஸ்டேஷனுக்குப் போனார். அந்தக் குடும்பத்துப் பெண்கள் போலீஸ் வாசலை மிதித்தவர்கள் இல்லை. ஜாமீன் சொல்ல வந்தோம் என்றார் வாஹித் பாஷா.

"இவ உங்களுக்கு யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க வூட்டு ஏகாலி" என்றார் சுகரா பேகம். "எங்க வூட்டுக்காரரு ஜிப்பாவ ரோஸாக்கினா, அப்புறம் கிழிச்சா. ரெண்டுக்கும் காரணம் இவ இல்லன்னு சொல்ல வந்தேன்."

இன்ஸ்பெக்டர் தனபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தண்ணில எதுக்குக் கலரு கலந்த?"

"இருந்த கலர எடுத்ததும் நான்தான் சார். அன்னிக்கி யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்புடல" என்றாள்.

வழக்கு கொஞ்ச நாள் நடந்தது. எச்சரித்து விட்டுவிட்டார்கள். கம்பெனி வேலை போயிற்று. துறையை மூடுகிற பேச்சை மட்டும் தலைவர் மறுபடியும் எடுக்கவில்லை. நீலம் போன வழியை ஊரே பார்த்துவிட்டது, பார்த்ததை இல்லை என்று சொல்ல அவருக்கு முகம் இல்லை. துறை ஏகாலிகளுக்கே என்று ஆயிற்று. அதனால் யாருக்கு என்ன லாபம்? கம்பெனி தொட்டியைப் பெரிதாக்கியது. பவுடர் கலக்க மோட்டார் வைத்தது. மதில் ஓட்டையை அடைத்துவிட்டுக் குழாயை மண்ணுக்கு அடியில் கொண்டுபோய்க் கால்வாய்க்குள்ளேயே விட்டது. பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் அடிபம்பில் வரிசை நின்றார்கள். துறைக் குடும்பங்கள் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பம்புசெட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிப் போய் வெளுத்துவிட்டு வந்தார்கள். தனபாக்கியத்தால் மூட்டை தூக்க முடியவில்லை. நாலு படி ஏறினால் இரைத்தது.

அவள் தினமும் துறைக்கு வந்து தன் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெளுக்க அல்ல. ஆடு இறங்கினால் விரட்டுவாள். வெளியூர் ஆள் இறங்கினால் கத்துவாள். உள்ளூர்க்காரர்கள் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள்.

எண்பத்து நாலாம் வருடம் கார்த்திகை மாதம் சோளிங்கர் மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போனார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவர் கூட்டத்தை விட்டு விலகித் துறைப் பக்கம் வந்தார். கால் கழுவி, ஒரு கை தண்ணீர் குடிக்கலாம் என்று வந்திருப்பார். நல்ல வெயில். கால்வாயின் அடி மணல்வரைக்கும் தெரிந்தது.

"எறங்காதய்யா!" என்று தனபாக்கியம் கல்லிலிருந்து கத்தினாள்.

அவர் நின்றார். "ஏம்மா? சாமிக்குப் போறவன். ஏகாலித் தொறைன்னா பரவால்ல, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது."

"அதுக்கில்ல. எறங்காத."

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "தண்ணி நல்லா கண்ணாடி மாதிரிதானே இருக்குது?"

அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரை மேலே ஏறு ஏறு என்று காட்டினாள். மூச்சு திரும்பியதும் சொன்னாள்.

"அதனாலதான்யா சொல்றேன்."